நிபந்தனைக்குள் ரிட்டர்ன்: எல்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

குடமுருட்டி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் நான்கு பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நிரல் எழுதுகிறேன். இந்தப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவருக்காக, வண்டி எடைமேடையில் ஏறியதும் மூட்டைக்கு என்ன விலை என்று கணக்கிட்டு ரசீது அச்சடிக்கும் நிரல் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தோம். போன தாளடி அறுவடையின்போது 62 மூட்டை கொண்டுவந்த ஒரு விவசாயியின் ரசீதில், விலை இருக்கவேண்டிய இடத்தில் ‘நன்’ (None) என்னும் ஆங்கிலச் சொல் அச்சாகிவிட்டது. மதிப்பு எதுவும் இல்லை என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் சொல் அது. அவர் அதைப் பக்கத்தில் நின்றவரிடம் காட்டி, இது யாருடைய பெயர் என்று கேட்டாராம்.

பிழை இருந்த ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பிக் கொடுக்கும் நிரல்பகுதியை, கீழே தருகிறேன். எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று தமிழ்ச் சொற்களால் ஆன எழில் நிரல்மொழியின் சொற்களைக் கடன் வாங்கித் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ‘நிரல்பாகம்’ என்று ஃபங்ஷன் தொடங்கும், ஒவ்வொரு பகுதியும் ‘முடி’ என்று முடியும். ‘ஆனால்’ என்பது இஃப் (இப்படி இருந்தால்), ‘இல்லை’ என்பது எல்ஸ் (இல்லாவிட்டால்), ‘பின்கொடு’ என்பது ரிட்டர்ன் (விடையைக் கொடுத்துவிட்டு ஃபங்ஷனைவிட்டு வெளியேறு). படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதியது இது. அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

```
நிரல்பாகம் மூட்டை_விலை(வரத்து)
    @( வரத்து.சிட்டா_உண்டு ) ஆனால்
        @( வரத்து.ஈரப்பதம் <= 17 ) ஆனால்
            @( வரத்து.ரகம் == "சன்னம்" ) ஆனால்
                பின்கொடு சன்ன_விலை
            இல்லை
                @( வரத்து.ரகம் == "பொது" ) ஆனால்
                    பின்கொடு பொது_விலை
                முடி
            முடி
        இல்லை
            பின்கொடு "காயவைத்துக் கொண்டுவருக"
        முடி
    இல்லை
        பின்கொடு "சிட்டா தேவை"
    முடி
முடி
```

எடைமேடையில் இருந்த பையன் ரகம் என்ற இடத்தில் ‘குண்டு’ என்று தட்டிவிட்டான். வந்திருந்தது ஆடுதுறை 37. இட்லிக்குப் போடும் அந்தக் குண்டு நெல்லை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கு இந்த ஃபங்ஷனில் எந்தக் கிளையிலும் ரிட்டர்ன் இல்லை.

பிழையைத் திருத்துவது ஒரு வரி வேலைதான். ஆனால் எப்படித் திருத்துவது என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. எங்களில் மூத்தவர், ஃபங்ஷனின் கடைசி வரியில் ஒரே ஒரு ரிட்டர்ன்தான் இருக்கவேண்டும் என்கிறார். புதிதாகச் சேர்ந்தவர், வேண்டாததையெல்லாம் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டால் எல்ஸே தேவைப்படாது என்கிறார். இனிமேல் அலுவலகம் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றலாம் என்று நினைப்பதால், நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதையும், அப்படி எழுதுவதற்கான காரணத்தையும் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

வெண்ணாறு

தம்பி குடமுருட்டிக்கு. நான் உங்கள் மூத்தவர் பக்கம், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பம்புசெட் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்குச் சி மொழியில் நிரல் எழுதுவது என் தொழில். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டாலோ, போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றினாலோ, ரிலேயை விடுவித்து மோட்டாரை நிறுத்தவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் ஒரு ஃபங்ஷனின் நடுவில், தண்ணீர் இல்லையென்றால் பிழை எண்ணோடு திரும்பிவிடு என்று ஒரு வரியைச் செருகினேன். ரிலேயை விடுவிக்கும் வரி அந்த ஃபங்ஷனின் கடைசியில் இருந்தது. நடுவிலேயே திரும்பிவிட்டதால் அந்த வரியை நிரல் எட்டவே இல்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் மோட்டார் இரவு முழுவதும் வறட்டு ஓட்டம் ஓடிக் காயில் எரிந்துபோனது. ரீவைண்டிங் செலவை நான்தான் கொடுத்தேன்.

நான் சொல்வது என் ஒருவனுடைய பழக்கம் அல்ல. வாகனங்களுக்கான மின்னணுவியலில் தொடங்கிப் பல துறைகளுக்குப் பரவிய மிஸ்ரா சி விதிகளின் 2004 பதிப்பில், ஒரு ஃபங்ஷனுக்கு வெளியேறும் இடம் ஒன்றே, அதுவும் கடைசியிலேயே இருக்கவேண்டும் என்று 14.7-ஆம் விதி சொல்கிறது. முடிவை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எந்தக் கிளையில் போனாலும் கடைசியில் வந்து அந்த மாறியைத் திருப்பிக் கொடுத்தால், ரிலேயை விடுவிப்பது போன்ற துப்புரவு வேலை எதுவும் விடுபடாது. பிழை தேடும்போதும் அந்த ஒரு வரியில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

---

அரசலாறு

வெண்ணாறு ஐயா சொன்ன வாழைத்தோட்டச் சம்பவத்தை என் மாணவர்களுக்குச் சொல்ல அனுமதி வேண்டும். கும்பகோணத்தில் நிரலாக்கம் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எழுகிறது. இருந்தாலும் ஐயாவோடு நான் மாறுபடுகிறேன்.

முதலில் குடமுருட்டியின் பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்கவேண்டும். ஒரு வழியில் போனால் ரிட்டர்னே இல்லை என்பதுதான் கோளாறு. இதே ஃபங்ஷனை ஜாவாவிலோ கோ மொழியிலோ எழுதியிருந்தால், நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அதைப் பிழை என்று சொல்லி நிறுத்தியிருக்கும். பைத்தான் அந்த இடத்தில் வாய்பேசாமல் ‘நன்’ என்பதைத் திருப்பிக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டும் ‘அன்டிஃபைன்ட்’ என்று அதையே செய்யும். பைத்தானின் நடைக் கையேடான பெப் 8, ஒரு ஃபங்ஷனில் ஒரு ரிட்டர்ன் மதிப்போடு இருந்தால் எல்லா ரிட்டர்னும் மதிப்போடுதான் இருக்கவேண்டும் என்றும், கடைசியில் வெளிப்படையாக ஒரு ரிட்டர்ன் இருக்கவேண்டும் என்றும் கேட்கிறது. நிரலை ஓட்டாமலேயே குறை தேடும் பைலின்ட் போன்ற கருவிகள் இதைச் சோதித்தும் சொல்கின்றன. ஆகவே எந்தக் கட்சி ஜெயித்தாலும் முதலில் அந்தச் சோதனையை இயக்கிவையுங்கள்.

அடுத்தது, வெளியேறும் இடம் ஒன்றே இருக்கவேண்டும் என்ற விதியின் வரலாறு. நிரலை வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோ-டு கூற்றின் தீமையைப் பற்றிக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எழுதிய கடிதம் 1968-இல் வெளியானது. நிரலின் ஓட்டம் எங்கிருந்து எங்கே தாவும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் ஒரே துணைநிரலுக்கு ‘என்ட்ரி’ வழியாகப் பல நுழைவாயில்கள் வைக்கலாம். ஃபோர்ட்ரான் 77-இல், கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பாமல், கூப்பிட்டவர் கொடுத்த வேறொரு அடையாள எண் உள்ள வரிக்குத் திரும்பும்படிகூட எழுதலாம். அப்படிப்பட்ட மொழிகளில் நுழைவு ஒன்று, வெளியேற்றம் ஒன்று என்ற கட்டுப்பாட்டுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. இன்று நாம் எழுதும் ரிட்டர்ன் ஐந்து இடங்களில் இருந்தாலும், ஐந்தும் கூப்பிட்ட அதே இடத்துக்குத்தான் திரும்புகின்றன.

இப்போது படிப்பவரின் கண்ணிலிருந்து பாருங்கள். குடமுருட்டியின் நிரலில் "சிட்டா தேவை" என்ற வரியை எட்டும்போது, அது எந்த ‘ஆனால்’ உடைய ‘இல்லை’ என்று தெரிந்துகொள்ளப் பன்னிரண்டு வரி மேலே போய் உள்தள்ளலை விரலால் அளக்கவேண்டியிருக்கிறது. சிட்டா இருந்தால் என்று கேட்ட இடம் ஓரிடம், இல்லாவிட்டால் என்ன என்று சொல்லும் இடம் வேறோரிடம். கேள்வியையும் பதிலையும் ஒரே இடத்தில் வையுங்கள்:

```
நிரல்பாகம் மூட்டை_விலை(வரத்து)
    @( !வரத்து.சிட்டா_உண்டு ) ஆனால்
        பின்கொடு "சிட்டா தேவை"
    முடி
    @( வரத்து.ஈரப்பதம் > 17 ) ஆனால்
        பின்கொடு "காயவைத்துக் கொண்டுவருக"
    முடி
    ...
```

கார்டு கிளாஸ் என்று எல்லோரும் சொல்லும் காவல் நிபந்தனை இதுதான். இந்த இரண்டையும் தாண்டிவிட்டால், சிட்டா இருக்கிறது, நெல் காய்ந்திருக்கிறது என்பதை மனத்தில் சுமந்துகொண்டே படிக்கவேண்டியதில்லை. மக்கேப் 1976-இல் வகுத்த சிக்கல் அளவீட்டின்படி கணக்கிட்டால், கிளை பிரியும் இடங்களின் எண்ணிக்கை இரண்டு வடிவத்திலும் மாறவில்லை. குறைந்திருப்பது ஆழம் மட்டும்தான். ஆனால் படிப்பவரைக் களைக்க வைப்பது அந்த ஆழம்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், குடமுருட்டி. உங்கள் ஃபங்ஷன் சில வேளை விலை என்னும் எண்ணையும், சில வேளை ஒரு வாக்கியத்தையும் திருப்பிக் கொடுக்கிறது. கூப்பிட்டவர் கைக்கு வந்தது காசா, கடிதமா என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்கவேண்டும். நடை பற்றிய விவாதத்தைவிட அவசரமாகத் திருத்தவேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

---

கோரையாறு

அரசலாறு சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். இன்னும் ஒரு படி மேலேயும் போகலாம் என்பேன். ரிட்டர்னுக்குப் பின் எல்ஸ் எழுதுவதே வீண். கம்பைலர்கள் கட்டுவதற்கான எல்எல்விஎம் திட்டத்தின் நடைக் கையேடு, ரிட்டர்னுக்குப் பின் எல்ஸ் போடாதே என்று நேரடியாகச் சொல்கிறது. கோ மொழியைத் திறம்பட எழுதுவது பற்றிய அதன் அதிகாரபூர்வ வழிகாட்டியும், இஃப் பகுதி ரிட்டர்னில் முடிந்தால் தேவையற்ற எல்ஸ் விடப்படும் என்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட், பைத்தானுக்குப் பைலின்ட் என்று இரண்டிலும் இதற்குத் தனி விதியே இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் 2015-இல் இரண்டாம் பதிப்போடு ‘கார்டு’ என்ற சொல்லையே சேர்த்தார்கள். அந்தக் கூற்றின் எல்ஸ் பகுதிக்குள் போனால், அது இருக்கும் ஃபங்ஷனையோ லூப்பின் அந்தச் சுற்றையோ விட்டு வெளியேறியே தீரவேண்டும் என்று கம்பைலரே பார்த்துக்கொள்கிறது.

கருவி சொல்கிறபடி நடந்தால் விவாதமே இல்லை. மன்னார்குடியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் எனக்கு, கோட் ரிவ்யூவில் இதற்காக அரை மணி நேரம் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியிராதது பெரிய நிம்மதி.

---

வெட்டாறு

கருவியிடம் விட்டுவிடலாம் என்று கோரையாறு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்ஸ் போய்விட்டால் ஒரு தகவலும் அதோடு போய்விடும் இடங்கள் உண்டு.

கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. ஆனால் நான்கும் ஒரே தரத்துக் கிளைகள் அல்ல. முதல் மூன்றும் பாசனத்துக்கானவை. எதில் எவ்வளவு விடுவது என்று முறை வைத்துப் பிரிப்பார்கள். வெள்ளம் வந்தால் மிகுதி நீரைத் தள்ளிவிடுவதற்கான வழி கொள்ளிடம். இதை நிரலாக எழுதச் சொன்னால், வெள்ளமா என்ற கேள்வியைக் காவல் நிபந்தனையாக முதலில் வைப்பேன். மற்ற மூன்றையும் ‘ஆனால்’, ‘இல்லைஆனால்’, ‘இல்லை’ என்று ஒரே உள்தள்ளலில் பக்கம் பக்கமாக நிறுத்துவேன். படிப்பவர் அந்த வடிவத்தைப் பார்த்த உடனேயே, இவை மூன்றும் பங்காளிகள், அது மட்டும் வேறு என்று தெரிந்துகொள்வார். எல்ஸை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டால் நான்கும் ஒன்றுபோலத் தெரியும்.

குடமுருட்டியின் ரகங்களுக்கும் இது பொருந்தும். கருவியின் பேச்சைக் கேட்டு இப்படி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம்:

```
    @( வரத்து.ரகம் == "சன்னம்" ) ஆனால்
        பின்கொடு சன்ன_விலை
    முடி
    பின்கொடு பொது_விலை
```

சுருக்கமாகத்தான் இருக்கிறது. ‘குண்டு’ என்று தட்டினாலும், ‘சன்னம்’ என்பதைத் தவறிச் ‘சண்ணம்’ என்று தட்டினாலும், எழுத்துப்பிழைக்கும் சேர்த்துப் பொது விலை போட்டு ரசீது வந்துவிடும். ‘நன்’ என்று அச்சானதாவது யார் கண்ணிலாவது பட்டது. இது யார் கண்ணிலும் படாது. ஆகவே சமமான கிளைகள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். கடைசி ‘இல்லை’யை, தெரியாத ரகம் என்று சத்தம் போட்டு நிற்பதற்காக ஒதுக்குங்கள்.

இனி மொழி பற்றி ஒன்று சொல்ல நினைக்கிறேன். கொஞ்சம் விலகிப் போவது போலிருந்தாலும் விஷயம் இதுதான். ரூபியிலும் பெர்லிலும் நிபந்தனையைப் பின்னால் தொங்கவிடலாம்: ‘திருப்பிக்கொடு இதை, இப்படி இருந்தால்’ என்கிற வரிசை. ஆங்கிலத்தில் வளர்ந்த காதுக்கு அது இயல்பாகவே கேட்கும். தமிழில் நாம், மழை வரும்போல் இருந்தால் களத்தில் நெல்லைக் கொட்டாதே என்போம். நிபந்தனை முன்னே, வினை கடைசியிலே. எழிலில் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு அதன் பிறகு ‘ஆனால்’ என்று போடுவதும் இந்த இயல்பை ஒட்டியதுதான். எனக்குப் பின்னால் தொங்கும் நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணம் தடுமாறுகிறது: திரும்பிவிட்டது என்று நினைத்த பிறகு, இல்லை இல்லை, இப்படி இருந்தால்தான் என்று வருகிறது. அதே மொழிகளில் ‘அன்லெஸ்’ என்றொரு சொல்லும் உண்டு. நம்முடைய ‘ஒழிய’ போன்றது. சிட்டா இருந்தாலொழிய வாங்காதே என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் அதைச் சிட்டா இருந்தால் மட்டும் வாங்கு என்று மனத்துக்குள் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்வார். ‘அன்லெஸ்’ஸோடு ‘எல்ஸ்’ஸும் சேர்ந்துவிட்டால் அந்த வரியை எழுதியவருக்கே மறுநாள் விளங்காது.

பைத்தானில் ஒரே வரியில் எழுதும் நிபந்தனைக் கோவை 2006-இல் 2.5 பதிப்போடு வந்தது. அதிலும் மதிப்பு முன்னே வருகிறது, நிபந்தனை நடுவில் வருகிறது. இரண்டே இரண்டு சிறிய மதிப்புகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துகிறேன். ஒன்றுக்குள் இன்னொன்றைச் செருகுவதற்கு எங்கள் குழுவில் அனுமதியில்லை.

---

கோரையாறு

சண்ணம் என்ற உதாரணம் என்னைக் கவிழ்த்துவிட்டது. எங்கள் நிரலில் இதே வடிவத்தில் எத்தனை இருக்கின்றன என்று இப்போதே தேடிப் பார்க்கிறேன்.

---

வெண்ணாறு

அரசலாறு அம்மாவின் வரலாற்றுக் குறிப்பு எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். மிஸ்ரா விதியும் 2012 பதிப்பில் 15.5 என்ற எண்ணோடு அறிவுரை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது என்பதை நானே சொல்லியிருக்கவேண்டும். முதல் பதிவில் விட்டுவிட்டேன்.

ஆனாலும் சி மொழியில் என் நிலை மாறவில்லை. பைத்தானில் ‘வித்’ இருக்கிறது, கோ மொழியில் ‘டிஃபர்’ இருக்கிறது, சி பிளஸ் பிளஸ்ஸில் டிஸ்ட்ரக்டர் இருக்கிறது; எங்கிருந்து வெளியேறினாலும் துப்புரவு தானாக நடந்துவிடும். எனக்கு அந்த வசதி இல்லை. லினக்ஸ் கர்னல் எழுதுபவர்களும் இதனால்தான், துப்புரவு இருக்கும் ஃபங்ஷன்களில் பிழை வந்தால் கோ-டு வழியாகக் கடைசிக்குத் தாவி, அங்கே எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு ஒரே இடத்தில் திரும்புகிறார்கள். துப்புரவு எதுவும் இல்லையென்றால் நேராகத் திரும்பிவிடு என்றும் அவர்களுடைய கையேடே சொல்கிறது. இந்தப் பிரிவினை எனக்குச் சம்மதம்: திரும்பும் முன் எதையாவது மூடவோ விடுவிக்கவோ வேண்டுமா என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

---

அரசலாறு

ஐயா சொன்ன கோ-டு முறைக்கும் ஒரு காவல் வேண்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் பாதுகாப்பான இணைய இணைப்புக்கான நிரலில் வெளிப்பட்ட பிழை இதே வடிவத்தில் எழுதப்பட்ட ஃபங்ஷனில்தான் இருந்தது. ‘கோ-டு ஃபெயில்’ (தோல்விக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. இஃபுக்கு அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி தாண்டப்பட்டது. அதற்கும் மேல், முடிவு மாறியில் அந்த நேரத்தில் இருந்தது பூஜ்யம். அதாவது எல்லாம் சரி என்ற பொருள். தோல்விக்கான வாசல் வழியாக வெற்றி வெளியே வந்தது. ஒற்றை ரிட்டர்ன் எழுதுபவர்கள் முடிவு மாறியின் தொடக்க மதிப்பை எப்போதும் மறுப்பாக வைத்துக்கொள்ளவேண்டும். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அதைச் சம்மதமாக மாற்றவேண்டும். ஒரு வரி உள்ள இஃபுக்கும் அடைப்புக்குறி போடுங்கள் என்று நான் மாணவர்களை நச்சரிப்பதும் இதனால்தான்.

கூடவே இன்னொன்று. விடைத்தாள்களில் அடிக்கடி பார்ப்பது: ஈரப்பதம் 17-க்குள் ஆனால் உண்மை பின்கொடு, இல்லை என்றால் பொய் பின்கொடு என்று ஐந்து வரி. நிபந்தனையே உண்மை அல்லது பொய்தான். அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும்.

```
நிரல்பாகம் காய்ந்ததா(வரத்து)
    பின்கொடு வரத்து.ஈரப்பதம் <= ஈர_வரம்பு
முடி
```

17 என்ற எண்ணையும் பெயர் வைத்து வெளியே எடுத்துவிட்டேன். அரசுக் கொள்முதலிலும் வழக்கமான வரம்பு 17 சதவீதம்தான். மழை பிடித்துக்கொண்ட பருவங்களில் அதைத் தளர்த்துவது உண்டு. உங்கள் வியாபாரியும் ஒருநாள் தளர்த்தச் சொல்வார்.

---

பாமணியாறு

நான் நிரல் எழுதுபவன்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நெல் கொண்டுபோகிற வீட்டுப் பிள்ளையாகப் பேசுகிறேன்.

அரசலாறு எழுதிய காவல் நிபந்தனைப்படி, சிட்டா இல்லை என்றால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். என் அப்பா சிட்டாவை மறந்துவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டா தேவை என்று ரசீது வரும். டிராக்டருக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்க, யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு ஊருக்குப் போய், சிட்டாவை எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பி வருவார். அப்போது உங்கள் நிரல் அடுத்த வரிக்குப் போய், ஈரப்பதம் 19, காயவைத்துக் கொண்டுவருக என்று சொல்லும். காலையிலேயே அந்த இரண்டையும் சொல்லியிருந்தால், நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவிட்டுவிட்டுத்தான் சிட்டாவுக்குப் போயிருப்பார். முதல் காரணம் கிடைத்ததும் திரும்பிவிடுவது நிரலைப் படிப்பவருக்கு வசதி; ரசீதைப் படிப்பவருக்கு அலைச்சல்.

---

அரசலாறு

இதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. நான் நிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

குடமுருட்டி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஒரு ஃபங்ஷன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் முதலில் அதை இரண்டாகப் பிரித்தோம். மறுப்புக் காரணங்களைச் சொல்வது, பாமணியாறு கேட்டபடி, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு கடைசியில் ஒரே இடத்தில் திரும்புகிறது. எங்கள் மூத்தவருக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி.

```
நிரல்பாகம் மறுப்புக்_காரணங்கள்(வரத்து)
    காரணங்கள் = []
    @( !வரத்து.சிட்டா_உண்டு ) ஆனால்
        சேர்(காரணங்கள், "சிட்டா தேவை")
    முடி
    @( வரத்து.ஈரப்பதம் > ஈர_வரம்பு ) ஆனால்
        சேர்(காரணங்கள், "காயவைத்துக் கொண்டுவருக")
    முடி
    பின்கொடு காரணங்கள்
முடி

நிரல்பாகம் மூட்டை_விலை(ரகம்)
    @( ரகம் == "சன்னம்" ) ஆனால்
        பின்கொடு சன்ன_விலை
    @( ரகம் == "பொது" ) இல்லைஆனால்
        பின்கொடு பொது_விலை
    இல்லை
        பிழை_எழுப்பு("தெரியாத ரகம்: " + ரகம்)
    முடி
முடி
```

விலை சொல்லும் ஃபங்ஷனில் வெட்டாறு சொன்னபடி கிளைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தியிருக்கிறோம். அங்கே எல்ஸை எடுக்கச் சொல்லும் விதியைக் கருவியில் அணைத்துவிட்டோம். இரண்டையும் கூப்பிடும் இடத்தில் மட்டும் ஒரு காவல் நிபந்தனை இருக்கிறது: காரணம் ஒன்றாவது இருந்தால் ரசீதில் அவற்றை அச்சடித்துவிட்டுத் திரும்பிவிடு. புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய வரி அது. ‘குண்டு’ என்று தட்டினால் இப்போது திரை நின்றுவிடுகிறது. வியாபாரியிடம் கேட்டோம், ஆடுதுறை 37-க்குப் பொது ரக விலைதான் என்றார். தட்டச்சு செய்வதையே எடுத்துவிட்டுப் பட்டியலிலிருந்து ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறோம். ரகங்கள் நான்கைந்துக்கு மேல் போனால் இந்த ‘இல்லைஆனால்’ வரிசையை விட்டுவிட்டு ஒரு டிக்ஷனரியில் (ரகத்தின் பெயருக்கு நேரே விலையை வைக்கும் பட்டியலில்) விலைகளை வைப்பதாக இருக்கிறோம்.

---

வெண்ணாறு

தம்பி, நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. ஈரப்பதம் அளக்கும் மீட்டரில் பேட்டரி தீர்ந்து, அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டால் என்ன ஆகும்?

---

குடமுருட்டி

இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், ஐயா. பைத்தான் 3-இல் ‘நன்’ என்பதை 17-ஓடு ஒப்பிட முடியாது என்று பிழை வந்து நிரல் நிற்கிறது. எங்கள் மூத்தவர் பைத்தான் 2-இலும் ஓட்டிக் காட்டினார். அதில் ‘நன்’ எந்த எண்ணையும்விடச் சிறியது என்று கணக்காகி, அளக்காத நெல் காய்ந்த நெல்லாகவே போய்விடுகிறது. வியாபாரியின் பழைய கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று நாளை காலை நேரில் போய்ப் பார்க்கிறேன். ஈரப்பதம் அளக்கப்பட்டதா என்ற கேள்வியை வரம்புச் சோதனைக்கு முன்னால் சேர்த்து, அளக்காவிட்டால் "ஈரப்பதம் அளக்கவும்" என்பதைப் பட்டியலில் போட்டு, வரம்புச் சோதனையை அதன் ‘இல்லைஆனால்’ ஆக்கிவிட்டேன்.